அல்லோபியூரினால்: வலி மாத்திரையன்று!

'கவுட்' என்று நம் வீடுகளில் சொல்லப்படும் மூட்டு நோயை அறியாதவர் குறைவு. இரவோடு இரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும். இந்நோய்க்கு நீண்ட காலத்திற்குத் தரப்படும் மருந்துகளுள் முதன்மையானது அல்லோபியூரினால். மருந்தாளராகப் பணிபுரியும் நான் அடிக்கடி எடுத்துக் கொடுக்கும் மாத்திரை இது. ஆனால், வலி வரும்போது மட்டும் இதை விழுங்குவோரும், நண்பருக்கு நான்கைந்து மாத்திரைகளைக் கொடுத்து உதவுவோரும் நம்மிடையே உள்ளனர். அது ஆபத்தான பழக்கம். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மருந்து செயல்படும் விதத்தை முதலில் பார்ப்போம்.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

நம் உயிரணுக்களிலும் உண்ணும் உணவிலும் பியூரின் எனும் பொருள் உள்ளது. அது சிதையும்போது ஹைப்போசாந்தின், சாந்தின், யூரிக் அமிலம் எனப் படிப்படியாக மாறுகிறது. கடைசி இரண்டு மாற்றங்களையும் செய்வது சாந்தின் ஆக்சிடேஸ் எனும் ஒரே நொதி. உருவாகும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைத் தாண்டினால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியக்கூடும். அப்படிகங்களை உடலின் தற்காப்பு அணுக்கள் தாக்கும்போதுதான் வலியும் வீக்கமும் தோன்றுகின்றன.

மருந்து செய்யும் வேலை

கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் உருவானது அல்லோபியூரினால். மெர்காப்டோபியூரின் எனும் புற்றுநோய் மருந்து உடலில் விரைந்து சிதைவதைத் தடுக்கவே முதலில் அதை ஆராய்ந்தனர். அது யூரிக் அமிலத்தையும் குறைப்பது தெரியவந்தது. 1966-இல் அமெரிக்காவில் கவுட் நோய்க்கு அனுமதி கிடைத்தது. இவ்விருவரும் ஜேம்ஸ் பிளாக்குடன் 1988-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அல்லோபியூரினால், தோற்றத்தில் ஹைப்போசாந்தினை ஒத்தது. நொதி ஏமாந்து அதைப் பற்றி, ஆக்சிபியூரினாலாக மாற்றுகிறது. பூட்டுக்குள் சிக்கிய போலிச் சாவியைப் போல, ஆக்சிபியூரினால் நொதிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. யூரிக் அமிலம் உருவாவது குறைகிறது. ஆக, இம்மருந்து வலியைத் தொடுவதே இல்லை. வலிக்கு மூலமான பொருளைத்தான் குறைக்கிறது.

"மருந்து எடுத்த பிறகுதானே வலி கூடியது?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. யூரிக் அமிலம் குறையத் தொடங்கியதும் பழைய படிகங்கள் கரைந்து உதிர்கின்றன. அப்போது வலி மீண்டும் எழலாம். இதனால்தான் முதல் 3 முதல் 6 மாதங்களுக்கு மருத்துவர் குறைந்த அளவில் கொல்சிசின் போன்ற மருந்தையும் சேர்த்துத் தருகிறார். வலிக்குப் பயந்து அல்லோபியூரினாலை நிறுத்தினால், பட்ட பாடெல்லாம் வீண்.

பாதுகாப்பாக உண்பது எப்படி?

• பொதுவாக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவர். ஆக்சிபியூரினால் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவருக்குத் தொடக்க அளவு இன்னும் குறையும்.

• இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, 360 மைக்ரோமோலுக்குக் கீழ் இறங்கும்வரை மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். நாமே கூட்டக்கூடாது.

• உணவுக்குப் பின், தண்ணீருடன் நாள்தோறும் உண்ண வேண்டும்.

• அசதயோபிரின், மெர்காப்டோபியூரின் உண்பவர் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவற்றைச் சிதைப்பதிலும் இதே நொதிக்குப் பங்குண்டு. அது தடைபட்டால் அம்மருந்துகள் உடலில் தேங்கி, எலும்பு மச்சையைப் பாதிக்கும்.

• தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடைசிக் குறிப்பே உயிர் காக்கும் குறிப்பு. சிலருக்கு இம்மருந்து தோலையே உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் இது நிகழும். 2005-இல் வெளிவந்த தைவான் ஆய்வில், இவ்வாறு பாதிக்கப்பட்ட 51 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 58:01 எனும் மரபணு வகை காணப்பட்டது. சீனரிடமும் தாய்லாந்து மக்களிடமும் இது அதிகம். இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நண்பருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் வீடு திரும்பும்போது அப்பா, மாமா, தாத்தா ஆகியோரின் மருந்துப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். அல்லோபியூரினால் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாள்தோறும் உண்கிறீர்களா? கடைசியாக இரத்தம் சோதித்தது எப்போது? தோலில் தடிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சிட்ட மருந்துத் தாள் அவர்களுக்கு எட்டாமல் இருக்கலாம். அதை நல்ல தமிழில் எடுத்துச் சொல்வதும் தமிழ்த்தொண்டே.