சைன் எந்த ஜேப்பிலிருந்து வந்தது?



முதலாம் ஆண்டு கணக்கில் நான் அரியர் வைத்தவன். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு டிப்ளமோ சேர்ந்தேன். சைன், அல்ஜீப்ரா, அல்காரிதம் எல்லாமே வெள்ளைக்காரன் வீட்டுச் சொல், நமக்கு எங்கே வரப்போகிறது என்று மனசு முதல் வாரமே ஒதுங்கிக்கொண்டது. "சார், சைன்னா என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்டேன். "எதிர்ப்பக்கம் பை கர்ணம், எழுதிக்கோப்பா" என்றார். அது சூத்திரம். நான் கேட்டது அர்த்தம். அரியருக்குப் படிக்கும்போது நூலகத்தில் தேடித்தான் விஷயம் கிடைத்தது.

பள்ளிப் புத்தகத்தில் வட்டப் பரிதியின் ஒரு பகுதிக்கு 'வில்' என்று பெயர். அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோடு 'நாண்'. வடமொழியிலும் இதே உவமைதான். நாணுக்கு அங்கே 'ஜ்யா' அல்லது 'ஜீவா'. கி.பி. 499இல் ஆரியபட்டர் அரை நாணின் அளவுகளை 24 படிகளில் கொடுத்தார். இன்றைய சைன் அட்டவணைக்குப் பாட்டன் அது! 8ஆம் நூற்றாண்டில் இந்திய வானியல் நூல்கள் பாக்தாத் போய் அரபியில் பெயர்க்கப்பட்டன. 'ஜீவா' அங்கே 'ஜீபா' ஆனது. அரபியில் குறில் உயிர்களை எழுதும் வழக்கம் இல்லை. அதனால் பின்னால் வந்தவர்கள் அதே எழுத்துக்களைத் தங்களுக்குத் தெரிந்த 'ஜைப்' என்று வாசித்தார்கள். ஜைப் என்றால் சட்டையின் மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் அதே பொருள்பட 'சைனஸ்' என்றார்கள். சைன் வந்த கதை இதுதான்.

அந்த ஜைப் பாரசீகம், உருது வழியாக நம்மிடமும் வந்திருக்கிறது. 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்கிறோமே, அந்த ஜேப்!

அரபு மொழி அறிஞர்கள் வாங்கி வைத்துக் கொடுத்தவர்கள் மட்டும் அல்ல. டேன், செகண்ட் உள்ளிட்ட ஆறு விகிதங்களும் 10ஆம் நூற்றாண்டில் அபுல் வஃபா போன்றவர்கள் கையில்தான் முழு உருவம் பெற்றன.

அடுத்தவர் அல் குவாரிஸ்மி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்தவர். குவாரிஸ்ம் மத்திய ஆசியாவில் உள்ள பகுதி. நம் ஊரில் ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்வது மாதிரிதான். அவர் நூலின் தலைப்பில் வரும் 'அல் ஜபர்' என்ற சொல்லே அல்ஜீப்ரா. சமன்பாட்டில் கழித்தல் உறுப்பை மறுபக்கம் கொண்டுபோய்ச் சரிசெய்வதற்கு அந்தப் பெயர். முறிந்த எலும்பைக் கூட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். அவர் பெயரின் லத்தீன் வடிவமே அல்காரிதம். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் தினமும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள், தெரியாமலே!

பிசிக்ஸ் லேபுக்கு வாருங்கள். ஒளிவிலகல் விதியை ஸ்நெல் விதி என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். ஸ்நெல் கண்டது 1621இல். அதே விதியைச் சுமார் 984இலேயே பாக்தாத்தில் இப்னு சஹல் வரைபடமாகப் போட்டுவிட்டார். ரோஷ்டி ராஷித் என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கையெழுத்துப் படியைப் படித்து 1990இல்தான் இதை உலகுக்குச் சொன்னார். அறிவியல் செய்தவர் போய் ஆயிரம் வருஷம் கழித்து அங்கீகாரம்!

மெக்கானிக்கல் தோழர்களுக்கு ஒருவர்: அல் ஜசாரி. 1206இல் அவர் முடித்த நூலில் கிராங்க் வைத்த நீரேற்றும் இயந்திரம் இருக்கிறது. நீர்ச்சக்கரம் சுற்ற, இரண்டு பிஸ்டன்கள் மாறி மாறித் தண்ணீரை இழுக்கும் பம்பும் இருக்கிறது. நாமக்கல் லாரிப் பட்டறையில் என்ஜினைப் பிரிக்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதுவும் தப்பு. கிரேக்கரிடமும் நம்மவரிடமும் அவர்கள் வாங்கினார்கள். ஐரோப்பியர் அவர்களிடம் வாங்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1, 2, 3 என்ற எண்களைப் பற்றி எழுதும்போது அல் குவாரிஸ்மி 'இந்தியக் கணக்கு' என்றே எழுதினார். யாரிடம் வாங்கினோம் என்பதை மறைக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போனபின் அது 'அரபு எண்' ஆகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, நம் அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று கவனமாகச் சொல்கிறது. நம் பெயர் விட்டுப்போனால் நமக்கு வலிக்கிறது அல்லவா? இப்னு சஹல் பெயர் விட்டுப்போனதும் அதே வலிதான்.

பாடத்திட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. லேப் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவது நம் கையில் இருக்கிறது. ஸ்நெல் பெயருக்குப் பக்கத்தில் இப்னு சஹல், சைனுக்குப் பக்கத்தில் ஆரியபட்டரும் அபுல் வஃபாவும். மாணவர் மன்றம் இந்த வருஷமே செய்யலாம். எழுத நான் தயார்.

அந்த அரியர் என்ன ஆச்சு என்கிறீர்களா? பாஸ். அர்த்தம் தெரிந்ததால் மார்க் வந்தது என்று சொல்லமாட்டேன். இந்தச் சொற்கள் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை, நம் வாசல் வழியாகவும் நடந்து போனவைதான் என்று தெரிந்ததும் பயம் விட்டது. பயம் விட்டதால் உட்கார்ந்து படித்தேன். அவ்வளவுதான்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு