தாத்தாவின் ரத்தக்குழாயில் ஒரு கல்லுடைப்பு

போன செமஸ்டர் லீவுல தாத்தாவுக்கு நெஞ்சு வலி. வயசு 78. ஆஞ்சியோகிராம் பார்த்த டாக்டர், "அடைப்புல கால்சியம் படிஞ்சு கல்லு மாதிரி இறுகிடுச்சு, சாதாரண பலூன் விரியாது" என்றார். "பிரஷரைக் கூட்டினா விரியாதா சார்?" என்று கேட்டேன். மெக்கானிக்கல் புத்தி! அவர் சிரித்தார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

பலூன் எப்போதும் இடம் கொடுக்கிற பக்கமாகத்தான் விரியும். கல்லாகிப்போன பக்கம் அசையாது. மிருதுவான எதிர்ப்பக்கச் சுவர் கிழியலாம். அப்படியே ஸ்டென்ட் வைத்தால் அதுவும் பாதிதான் விரியும், மறுபடி அடைக்கும். பைபாஸ் பண்ணலாம்தான். ஆனால் வயசானவங்க எல்லாருக்கும் நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு இருக்காது. அதனால் மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, முதலில் கல்லைப் பதப்படுத்த வேண்டும். அதற்கு முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, ரோட்டாப்லேஷன். வைரத்துகள் பதித்த குட்டி முனை நிமிஷத்துக்கு 1,40,000 சுற்றுக்கு மேல் சுழலும். கெட்டியானதைத் தேய்க்கும், மிருதுவான சுவர் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். ஆனால் தொடுகிற மேற்பரப்பைத்தான் தேய்க்கும், ஆழத்தில் இருக்கும் கால்சியம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, தாத்தாவுக்குச் செய்தது: இன்ட்ராவாஸ்குலர் லித்தோட்ரிப்சி. பலூனில் திரவம் நிரப்பி வெறும் 4 அட்மாஸ்பியரில் வைப்பார்கள். உள்ளே மின்பொறி வெடிக்கும், ஆவிக்குமிழி உண்டாகும், அதிலிருந்து அதிர்ச்சி அலை கிளம்பும். நொடிக்கு ஒன்று வீதம் 10 அலை; பிறகு பலூனைச் சுருக்கி ரத்தம் ஓட விடுவார்கள்; மறுபடி 10.

சுவர் ஏன் சேதமாவதில்லை? ரெண்டாம் வருஷம் படிச்ச இம்பீடன்ஸ்தான்! மிருதுவான திசுவின் ஒலித்தடை கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. அலை பேசாமல் கடந்துவிடும். கால்சியத்தின் ஒலித்தடை வேறு. அலையின் அழுத்தம் அங்கே குவிந்து விரிசல் விடும், ஆழத்திலும்கூட. விரிசல் விழுந்த பிறகு பலூனும் ஸ்டென்டும் அடம்பிடிக்காமல் விரியும்.

ஐடியா புதுசில்லை. விமானம் செய்த டோர்னியர் கம்பெனியின் கருவியால் 1980-இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை இப்படித்தான் உடைத்தார்கள். அதே அலை பலூனுக்குள் அடங்கி, இதயக் குழாய்க்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி பெற 2021 ஆகிவிட்டது.

தாத்தா இப்போ தெருமுனை டீக்கடை வரை நிற்காமல் நடக்கிறார். உங்களுக்கு ஒரு கேள்வி: பலூனில் திரவத்துக்குப் பதில் காற்றை நிரப்பியிருந்தால் கல் உடைந்திருக்குமா? விடைக்கு வேண்டிய வார்த்தை மேலேயே இருக்கு!