எடையை எங்கே குறைப்பது? மலையேறிச் சறுக்குவோருக்குப் பலகையும் பைண்டிங்கும்

லிஃப்ட் இல்லாத மலையில் பனிச்சறுக்குக்குப் போகிறவர், சறுக்கி இறங்கப்போகும் ஒவ்வொரு மீட்டரையும் முதலில் தன் காலால் ஏறியாக வேண்டும். பலகையின் அடியில் ஒட்டும் ஸ்கின் என்ற பட்டையின் இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும்; அதனால் பலகை முன்னால் வழுக்கும், பின்னால் நழுவாது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் குதிகாலை விடுவித்துக்கொண்டு அப்படியே நடந்து ஏறலாம். பிரான்சின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை செல்லும் ஓட் ரூட் பாதை இதற்குப் பெயர்போனது. மலைக்குடில்களில் தங்கி ஆறேழு நாளில் முடிக்கும் பயணம் அது. மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை பருவம். அங்கே போக எந்தப் பலகை வாங்கலாம் என்று கேட்டால், எவ்வளவு இலகுவோ அவ்வளவு நல்லது என்று பலரும் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. எடையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் பைண்டிங்கில், அடுத்து பூட்ஸில், கடைசியாகத்தான் பலகையில்.

எடை ஏன் பொருட்டாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 பாகைச் சாய்வில் 70 செ.மீ. எட்டு வைத்து நடந்தால் ஓர் எட்டுக்கு ஏறத்தாழ 14.5 செ.மீ. உயரம் ஏறுவோம். 1,000 மீட்டர் ஏற ஏறக்குறைய 7,000 எட்டு, அதாவது ஒரு காலுக்கு 3,500. காலில் அரை கிலோ கூடினால் அந்த அரை கிலோவை 3,500 முறை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். பாதத்தில் சுமக்கும் ஒரு கிலோ, உடம்பில் சுமக்கும் ஒரு கிலோவைப் போல 4 முதல் 6 மடங்கு ஆற்றலைக் கேட்கிறது என்று 1969இல் சோல், கோல்ட்மேன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அது வெறும் நடைக்கான அளவீடு, பனியில் பலகையைத் தூக்குவதில்லை, வழுக்கத்தானே விடுகிறோம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழுக்கும்போது சுமை குறையும் என்பதால் அந்த மடங்கை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் ஒவ்வோர் எட்டிலும் பலகையை நின்ற நிலையிலிருந்து நகர்த்தி மறுபடி நிறுத்துகிறோம். செங்குத்தான சரிவில் திசை மாற்றும் கிக் டர்னில் அதை முழுதாகவே தூக்கிச் சுழற்றுகிறோம். காலில் உள்ள எடை, முதுகில் உள்ள எடையைவிட அதிகம் களைப்பூட்டும் என்பது பனியிலும் மாறுவதில்லை.

வாங்கும்போது முதல் வேலை, எந்தப் பனியில் போகிறோம் என்று முடிவு செய்வது. ஓட் ரூட்டின் வசந்தகாலப் பனி இரவில் உறைந்து காலையில் கல்லாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் மேலடுக்கு இளகும். அடுத்தது பூட்ஸ், ஏனென்றால் பலகையைத் திருப்புவதே அதுதான். ஒரு கால் 1,200 முதல் 1,400 கிராம் வரை எடையுள்ள, கணுக்கால் பகுதி நடக்கும்போது நன்றாக மடங்கிக்கொடுக்கிற ஜோடி இதற்குப் போதும். முனையின் இருபுறமும் உலோகக் குழிகள் உள்ளனவா என்று கட்டாயம் பாருங்கள். அடுத்து பார்க்கப்போகும் டெக் பைண்டிங்குக்கு அவை வேண்டும். கால் அளவுக்குப் பொருந்தாத பூட்ஸை எந்தப் பலகையாலும் ஈடுகட்ட முடியாது.

இனி பைண்டிங். அதிக கவனம் இங்கேதான் தேவை. பழைய ஃபிரேம் பைண்டிங் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். அதைவிடப் பெரிய குறை, குதிகால் எழும்போதெல்லாம் அதன் சட்டமும் கூடவே எழும். 1980களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் வேறு வழி கண்டார். பூட்ஸின் முனையை இரண்டு உலோக முனைகள் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும். நடக்கும்போது பூட்ஸின் குதிகால் மட்டுமே எழும். டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கும் டெக் பைண்டிங் இந்த அமைப்பில் பிறந்ததே. இதில் 300 முதல் 400 கிராம் வரை உள்ள நடுத்தர வகை பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். 1,200 கிராம் ஃபிரேமை விட்டு 350 கிராம் டெக்குக்கு மாறினால் காலுக்கு 850 கிராம் மிச்சம், இறக்கத்தில் இழப்பதோ சொற்பம். அதே சமயம் 1,800 கிராம் பலகையை 1,350 கிராம் பலகையாக மாற்றினால் 450 கிராம்தான் மிச்சம், அதற்கு இறக்கத்தில் ஓரளவு விலை கொடுக்கிறோம். 1,000 கிராமுக்கு இறங்கினால் இன்னும் 350 கிராம். விலை மிகவும் அதிகம். முதலில் பைண்டிங் என்று சொல்வது இதனால்தான்.

டெக் பைண்டிங் விழும்போது கழலுமா என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது வீண் அச்சமும் அல்ல. பெரும்பாலான மாடல்களில் பக்கவாட்டில் கழலுவதும் மேல்நோக்கிக் கழலுவதும் குதிகால் பகுதியிலேயே நடக்கும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்று அவற்றில் குறித்திருக்கும் எண்கள் டிஐஎன் என்ற தர அளவின் எண்களைப் போலத் தோன்றினாலும் எல்லா மாடலும் தரச்சான்று பெற்றவை அல்ல. எனவே இரண்டு அளவுகளையும் தனித்தனியே மாற்ற முடிகிற மாடலை வாங்குங்கள். உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் இவற்றை வைத்துக் கடையில் கணக்கிடும் எண் அதன் வரம்பின் நடுவில் விழ வேண்டும். 150 கிராம் பந்தய வகைகள் பலவற்றில் இந்த எண்ணை மாற்றவே முடியாது. தொடங்குபவர் அவற்றைத் தொடக் கூடாது. ஏறும்போது முனையைப் பூட்டிவைப்பது வழக்கம். இறங்குமுன் அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விழுந்தாலும் பலகை கழலாது. பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தைக் கடக்கும்போதும் இதே கவலை உண்டு: காலில் மாட்டிய பலகை ஆளைப் பனிக்குள் இழுக்கும். பிரேக் உள்ள மாடல் கொஞ்சம் கனம்தான், ஆனாலும் பனியாற்றின் மேல் தனியே ஓடிப்போகும் பலகையை நிறுத்த அது வேண்டும்.

பலகைக்கு வருவோம். பலகையின் இடுப்பு, அதாவது நடுப்பகுதி, அகலம் 85 முதல் 90 மி.மீ., எடை 1,200 முதல் 1,400 கிராம், நீளம் உங்கள் உயரத்தைவிட 5 முதல் 10 செ.மீ. குறைவு. ஓட் ரூட்டுக்கு இது போதும். உறைந்த சரிவில் ஓரம் பாதத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால்தான் கணுக்கால் முறுக்கப்படாமல் பிடிமானம் கிடைக்கும். அகலமான பலகைக்கு அகலமான ஸ்கின்னும் தேவை, அதுவும் எடைதான். குல்மார்க்கின் அபர்வத் சரிவுகளில் சனவரி, பிப்ரவரியில் விழும் ஆழமான பொடிப்பனிக்கு 100 மி.மீ.க்கு மேல் எடுப்பது சரியே; கோண்டோலாவே உயரம் வரை தூக்கிச் செல்வதால் எடையும் அவ்வளவு உறுத்தாது.

மூன்று மணி நேரம் ஏறி இருபது நிமிடத்தில் இறங்கிவிடுகிறோம், அந்த இருபது நிமிடத்துக்காக ஏன் எடை சுமக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. அந்த இருபது நிமிடத்தில்தான் கால்கள் களைத்திருக்கும், முதுகில் எட்டுப் பத்து கிலோ பை இருக்கும், காற்று இறுக்கிய பனியும் உறைந்த தடங்களும் காலடியில் வரும். மேடுபள்ளச் சாலையில் காலி லாரி குதிப்பது போல, மிக இலகுவான பலகை அந்தப் பனியில் துள்ளும். கார்பன் விறைப்பைத் தரும், அதிர்வை உள்வாங்காது. பாப்லர், பாலோனியா மரங்களைக் கலந்த மையமும் மெல்லிய ரப்பர் அடுக்கும் அதைத் தணிக்கும். கால் முறிந்தால் குடிலுக்கே பல மணி நேரத் தொலைவு என்பதை எடைப்பட்டியல் சொல்லாது.

பொருத்துவதைக் கடையிடம் விடுவது நல்லது. இலகு பலகையில் திருகாணி பிடிக்கும் பகுதி சிறியது. தவறாகத் துளைத்தால் மறுபடி துளைக்க இடம் கிடைப்பது அரிது. துளையின் விட்டமும் ஆழமும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 3.5 அல்லது 4.1 மி.மீ., ஆழம் 9 மி.மீ. பூட்ஸுக்கும் பைண்டிங்கின் பின்பகுதிக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். தயாரிப்பாளர் தரும் அளவுத்தகட்டைச் செருகிப் பாருங்கள். உறைந்த காலைகளில் பனியைக் கவ்வத் தேவைப்படும் பல்தகடான ஸ்கீ கிராம்பான் உங்கள் பைண்டிங்கில் மாட்டுமா, பலகையைவிட ஓரிரு மி.மீ. அகலமாக இருக்கிறதா என்பதை வாங்கும் நாளிலேயே மாட்டிச் சரிபாருங்கள். மலையில், ஒவ்வொரு முறை மாட்டுமுன்னும் முனைக்குழிகளிலும் ஸ்பிரிங்கின் அடியிலும் ஒட்டிய பனிக்கட்டியைச் சுரண்டி எடுங்கள். முனையை மாட்டியபின் குதிகாலை அழுத்தாமல் பாதத்தை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்; உலோக முனைகள் சரியாக உட்காரவில்லை என்றால் அந்த இடத்திலேயே கழன்றுவிடும்.