குடல் அழற்சி மாத்திரை எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் தங்கச்சிக்குப் பெருங்குடல் அழற்சி. கிளினிக்கில் சல்ஃபாசலசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "இங்கிலீஷ் மருந்து சூடு, இயற்கை மருந்தே போதும்" என்கிறார்கள் லயத்தில். இந்த மாத்திரையின் பூர்வீகம் என்ன?
– வாசகி, ஹட்டன்

பதில்: அதன் பூர்வீகமும் ஒரு மரம்தான், சகோதரி. ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் வலிக்கும் வில்லோ மரப்பட்டையைக் கொடுத்து வந்தார்கள். அந்தப் பட்டையில் உள்ள சாலிசினிலிருந்து 1838இல் இத்தாலியரான ரஃபேலே பிரியா சாலிசிலிக் அமிலத்தை எடுத்தார். பின்னர் அதை ஆய்வுகூடத்திலேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாதத்துக்கென்று அந்த வம்சத்துச் சேர்மம் ஒன்றைச் சல்ஃபா மருந்தோடு இணைக்கச் செய்தார். குடல் அழற்சிக்கும் அது நன்றாகக் கேட்டது. 1942இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

இரண்டில் எது குணப்படுத்துகிறது? ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த வங்கதேச மருத்துவர் அசாத் கானும் அவரது குழுவினரும், முழு மருந்தையும் அதன் இரு பாகங்களையும் தனித்தனியாக ஆசனவாய் வழியே நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். வேலை செய்தது சாலிசிலிக் வழிவந்த பாகமே என்று 1977இல் தெரியவந்தது. மாத்திரையில் பெரும்பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பக்டீரியாக்கள் பிணைப்பை அறுத்ததும், புண் இருக்கும் இடத்திலேயே மருந்து இறங்குகிறது.

கேள்வி: நாங்கள் பறிக்கும் கொழுந்திலும் மருந்து இருக்கிறதாமே? சாயத் தேத்தண்ணி குடித்தால் வயிற்றுப் புண் ஆறுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பச்சைக் கொழுந்தில் கெட்டகின் என்ற சேர்மங்கள் நிறைய உண்டு. தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தை அரைக்கும்போது இலையின் செல்கள் உடைந்து காற்றுப் படுகிறது. இலை செம்பு நிறமாகிறது, கெட்டகினில் பெரும்பகுதி வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் இது நடப்பதில்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் அதன் சாரத்தைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலருக்கு நோய் தணிந்தது. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர் அளவே. அதை வைத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது. செறிவூட்டிய சாரம் அளவு மீறினால் ஈரலையும் கெடுக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயமோ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரத்தம் போய்ச் சோகை பிடித்தவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

கேள்வி: மஞ்சள்?
– வாசகி, நானுஓயா

பதில்: தாவரச் சேர்மங்களில் நம்பிக்கை தருவது மஞ்சளிலுள்ள குர்குமின்தான். ஜப்பானில் 89 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான மாத்திரையோடு நாளுக்கு 2 கிராம் குர்குமினும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு. டெல்லி எய்ம்ஸில் நாளுக்கு 450 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவுதான். அந்த 2 கிராமுக்குத் தினமும் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும், கறியில் போடும் சிட்டிகை எந்த மூலைக்கு?

செடியிலிருந்து வருவது எல்லாம் மருந்தல்ல. எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த இடத்தில் என்று அளந்து பார்த்த பிறகே வில்லோ பட்டையின் வழி மாத்திரை வரை வந்தது. மஞ்சளும் கொழுந்தும் இன்னும் அந்த வழியில்தான் நடந்துகொண்டிருக்கின்றன. ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குர்குமின் எடுக்க விரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். வாரக்கணக்கில் மலத்தோடு இரத்தம் போனால் சீதபேதி என்று தோட்டத்து டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், டிக்கோயா அல்லது நுவரெலியா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள்.