பந்தின் விளிம்பைப் பாருங்கள்

பழைய கணிப்பொறி விளையாட்டு ஒன்றில் வரும் பந்தைக் கவனியுங்கள். நடுப்பகுதி வழவழவென்று பளபளக்கும். விளிம்போ வட்டமாக இராது. சிறுசிறு நேர்கோடுகளால் ஆன பலகோணமாக இருக்கும்! ஏன் அப்படி?

வளைந்த பரப்புகளைக் கணிப்பொறி பெரும்பாலும் தட்டையான முக்கோணத் துண்டுகளாலேயே அமைக்கிறது. துண்டு விளக்கை நோக்கிச் சாய்ந்துள்ள கோணத்தைப் பொறுத்து அதன் ஒளிர்வு அமையும். துண்டுக்கு ஓர் ஒளிர்வு என்று தீட்டினால், பந்து பட்டை தீட்டிய கல்லைப்போல் தோன்றும்.

1971-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கூரோ ஒரு வழி கண்டார். துண்டின் மூலைகளில் மட்டும் ஒளிர்வைக் கணக்கிட்டு, இடையிலுள்ள புள்ளிகளில் அது படிப்படியாக மாறும்படி செய்தார். பட்டைகள் மங்கின. ஆனால், விளக்கின் பளீரென்ற புள்ளி ஒரு துண்டின் நடுவில் விழுந்தால்? மூலைகள் அதை அறியா. புள்ளியே காணாமற் போய்விடும்!

அங்கேயே ஆய்வு செய்த வியட்நாமியர் பூய் துவோங் ஃபோங் 1973-இல் இக்குறையைப் போக்கினார். மூலைதோறும் பரப்புக்குச் செங்குத்தான திசையைக் குறித்து, ஒளிர்வுக்குப் பதிலாக அத்திசையையே படிப்படியாக மாற்றினார். பிறகு புள்ளிக்குப் புள்ளி ஒளியைக் கணக்கிட்டார். தட்டையான இடம் வளைந்ததுபோல் ஒளியை ஏற்றது. பளீர்ப் புள்ளியும் திரும்பி வந்தது. இம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரோ 1975-இலேயே, இளம் வயதில் காலமானார்.

இத்தனைக்கும் துண்டுகள் வளையவே இல்லை, கவனித்தீர்களா? மாறியது ஒளிக்கணக்கு மட்டுமே. விளிம்பைத் தீர்மானிப்பது வடிவம். அங்கே இத்தந்திரம் செல்லாது. துண்டுகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால்தான் மூலைகள் கண்ணுக்கு மறையும். பந்தின் நிழல் சுவரில் விழுந்தால் அதையும் பாருங்கள். அதிலும் மூலைகள் தெரியக்கூடும்.