மூக்கு உயரத்தில் ஜெலுத்தோங்

பினாங்குக்கு வேலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கு முதலில் அமைவது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையும் ஜெலுத்தோங் பக்கம் ஒரு வாடகை வீடும்தான். எனக்கும் அப்படியே அமைந்தது. கூடவே ஒரு நாயும் அமைந்தது. ஜாலான் ஜெத்தி ஜெலுத்தோங்கில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இருக்கிறது. மணி அங்கிருந்து வந்தவன். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், இங்கே எந்தச் சந்தில் திரும்பினாலும் கண்ணில் படும் நாட்டு இனம்.

அவனோடு வாழ்ந்ததில் எனக்குப் பட்டது இது: அந்நிய ஊரில் நாய்க்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை நாயின் குணத்தால் வருவதில்லை. ஊரின் தரையாலும் பண்டிகைகளாலும் வருகின்றன. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டதால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாம் ஆள் உயரத்தில் பார்த்துப் பழகிய தெருவை நாயின் மூக்கு உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாய் வருவதற்கு முன்னால் வீட்டு விஷயத்தை முடித்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிகள் உண்டு. மற்ற குடியிருப்பாளருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வளர்க்கக் கூடாது என்கிறது அதன் துணைவிதி. எது தொல்லை என்பதைக் கட்டட நிர்வாகம் தன் கூடுதல் விதிகளில் இன்னும் கறாராக எழுதி வைத்திருக்கும். நண்பர் ஒருவர் முன்பணம் கட்டிக் குடியேறிய பிறகுதான் நோட்டீஸ் வந்தது. நாயையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மறுபடி வீடு தேடினார். வீட்டுக்காரர் வாயால் சரி என்றால் போதாது, வாடகை ஒப்பந்தத்தில் நாய் என்ற வார்த்தை இருக்க வேண்டும். வரிசை வீடு கிடைத்தால் நல்லது. அப்போதும் பினாங்கு மாநகர் மன்றத்தின் நாய் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமத்தோடு தரும் வில்லை கழுத்துப்பட்டையில் தொங்கட்டும். தெருநாய் பிடிக்கிறவர்களுக்கு உங்கள் நாய்க்கு வீடு உண்டு என்று சொல்வது அதுதான்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலையில் பெர்லிஸில் வெறிநாய் நோய் தலைகாட்டியது, செப்டம்பரில் பினாங்குக்கும் வந்துவிட்டது. தெருநாய்களைக் கொல்வதென்று மாநில அரசு முடிவெடுத்தது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று விலங்கு நல அமைப்புகள் எதிர்த்தன. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அப்படி ஒரு வாரத்தில் தெருவுக்கு ஓடிப்போகும் நாயின் கழுத்தில் வில்லை இருக்கிறதா, தடுப்பூசி அட்டை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்சினை.

மணி ஓடிப்போனது சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் புத்தாண்டு முதல் நாள் வெடிக்குத் தயாராக இருப்பார்கள். பினாங்கில் பெரிய இரவு அதுவல்ல. இங்குள்ள சீனர்களில் ஹொக்கியன் மக்கள் அதிகம். ஒன்பதாம் நாள் அவர்களுக்கு ஜேட் பேரரசரின் பிறந்தநாள். ஒரு காலத்தில் தங்கள் முன்னோர் பகைவர்களிடமிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்ததற்கு நன்றி சொல்லும் நாள் என்றும் சொல்வார்கள். அதனால்தான் வாசலில் மேசை போட்டு, முழுக் கரும்பு கட்டி, பன்றி வாட்டி, சிவப்புப் பலகாரம் அடுக்கி நள்ளிரவுக்குக் காத்திருக்கிறார்கள். கடலோரத்தில் சியூ படகுத்துறையில் இதைப் பார்க்க வெளியூர்க் கூட்டமே வரும். பன்னிரண்டு மணிக்குத் தீவு முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கும்.

எங்கள் வாசல் கதவு மூடித்தான் இருந்தது. முதல் சரவெடிக்கே மணி மதிலேறிக் குதித்துவிட்டான். அவனால் அந்த உயரம் தாண்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பயந்த நாய்க்கு அது ஒரு உயரமே இல்லை. விடியும்வரை நானும் எதிர்வீட்டுப் பையனும் ஜாலான் பேராக் வரை நடந்தோம். காலையில் ஜெலுத்தோங் சந்தையிலிருந்து தொலைபேசி வந்தது. மீன் விற்கும் அங்கிள் ஒருவர், “பிரவுன் நாய், ஒரு காது மடிஞ்சிருக்கு, உங்களோடதா? பயப்படாதீங்க, தண்ணி குடுத்துட்டேன்” என்றார். மணி அவருடைய ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒண்டியிருந்திருக்கிறான். கழுத்துப்பட்டையில் நான் தைத்து வைத்திருந்த எண்தான் அவரை என்னிடம் சேர்த்தது. மைக்ரோசிப்பும் அவனுக்கு உண்டு, ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும். மீன்கடையில் ஏது கருவி? இரண்டும் இருக்கட்டும். சிம் மாற்றினால் கழுத்துப்பட்டையிலும் சிப்பின் பதிவிலும் எண்ணை மாற்றுங்கள்.

அதற்குப் பிறகு அந்த இரவை நான் நடத்தும் விதம் வேறு. ஏழு மணிக்குள் நடை, சாப்பாடு, ஒன்றுக்குப் போவது எல்லாம் முடிந்துவிடும். வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத அறை, அதில் அவனுடைய பழைய போர்வை, ஓடும் மின்விசிறி, சத்தமாக வானொலி. பதறும் நாய்க்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். அதைப் பல நாள் முன்பே வாங்கி, ஒரு சாதாரண நாளில் கொடுத்து எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கும் இதே ஏற்பாடுதான், நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஓடிவிட்டால் பெயரைக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். மிரண்ட நாய் சொந்தக்காரர் குரலுக்கும் ஓடும். சந்தடி அடங்கிய அதிகாலையில் தேடுங்கள். கண்டால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நேராக அதன் கண்ணைப் பார்க்க வேண்டாம். தெருவின் வாட்ஸாப் குழுவுக்கும் காப்பகத்துக்கும் உடனே படம் அனுப்புங்கள்.

தைப்பூசம் வேறு வகை. 1894 முதல் ஓடும் வெள்ளி ரதம் நகரத்துக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகிறது. 2017 முதல் தங்க ரதமும் போகிறது. ரதத்துக்கு முன்னால் உடைபடும் தேங்காய்கள் மலையாகக் குவியும். மறுநாள் கூட்டி அள்ளிவிடுவார்கள் என்றாலும் சாலையோரப் புல்லிலும் வடிகால் ஓரத்திலும் ஓட்டுச் சில்லுகள் கிடக்கும். அந்தச் சில்லின் விளிம்பு நாயின் பாதத்தைக் கிழித்துவிடும். தைப்பூசம் முடிந்து சில நாட்களுக்கு டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் நான் மணியைக் கூட்டிப் போவதில்லை. காயம் பட்டால் உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, சில்லு ஆழத்தில் இருந்தால் நோண்டாமல் துணி சுற்றி மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்கு மிகவும் சங்கடமாகிப் போனது பசித்த ஆவிகளின் மாதத்தில். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், நம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். சோறு, பழம், கோழி எல்லாம் சாலையோரத்தில் படையலாக இருக்கும், சுற்றிலும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும். மாலை நடையில் ஒரு நொடியில் மணி ஒரு கோழித் துண்டை, அதில் குத்தியிருந்த ஊதுபத்திக் குச்சியோடு சேர்த்து விழுங்கிவிட்டான். மூங்கில் குச்சி எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. மருத்துவர் அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கண்காணித்து, தானாகவே வெளியேறும்வரை எங்களைப் பதைக்க வைத்தார். வாந்தி எடுக்க வைக்கலாமா என்று கேட்டேன். கூர்மையான பொருளை விழுங்கியிருந்தால் வீட்டில் அதைச் செய்யவே கூடாது, மேலே வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும் என்றார்.

உடம்பு தேறியதும் அந்தப் படையல் வைத்த வீட்டுக்குப் போய், ஆரஞ்சுப் பழம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஆடி அமாவாசைக்கு நாம் வைத்த இலையை யார் வீட்டு நாயோ இழுத்துக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும். அந்த ஆண்ட்டி என்னைத் திட்டவில்லை, நாய்க்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். இப்போது அந்த மாதம் முழுக்க மணிக்குக் கூடை போன்ற வாய்ப்பூட்டு போட்டுத்தான் நடை. அதில் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். துணியால் இறுக்கிக் கட்டும் வகை இந்த வெக்கைக்கு ஆகாது, நாய் வாய் திறந்து இரைத்துத்தானே உடம்பைக் குளிர்விக்கிறது.

பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். வீட்டுப் பெரியம்மாவை நாங்கள் மக்சிக் என்போம். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மரபினர். அந்த மரபில் நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீர். ஒரு ஹரி ராயா பெருநாள் காலையில் மக்சிக் கூவே பலகாரத் தட்டோடு வந்தபோது மணி கம்பிகளுக்கிடையே முகத்தை நுழைத்து அவர் கையை நக்கிவிட்டான். அவர் கத்தவில்லை. “மண் இருக்கா?” என்று கேட்டார். பூந்தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தேன், வாசல் குழாயில் நிதானமாகக் கழுவிக்கொண்டு, தட்டை என் மனைவியிடம் நீட்டினார். அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: வாசலுக்கு வருமுன் அவர் குரல் கொடுப்பார், நான் மணியைப் பின்கட்டில் கட்டிய பிறகே கதவு திறக்கும். கம்பிக் கதவின் கீழ்ப் பாதிக்கு வலை அடித்துவிட்டேன்.

முஸ்லிம் என்றாலே நாயை வெறுப்பவர் என்று முடிவு கட்டிவிட்டு இங்கே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 2014 அக்டோபரில் சைட் அஸ்மி என்ற மருந்தாளர் சிலாங்கூரில் நாயைத் தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார், திரளான முஸ்லிம்கள் வந்தார்கள். முறைப்படி கழுவுவதும் அங்கே காட்டப்பட்டது. கடும் கண்டனமும் எழுந்தது. இரண்டு பக்கமும் இந்த நாட்டில் உண்டு. எதிரில் வருகிறவர் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது. ஆகவே கயிறு குட்டையாக இருக்கட்டும், சாலையின் அந்தப் பக்கம் நாம் மாறிக்கொள்வோம், பிறர் வாசலில் செருப்பை மோந்து பார்க்க விடாமல் இருப்போம். வாடகைக் கார் கூப்பிடும்போதும் ஓட்டுநரிடம் நாய் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, அவர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவதுதான் முறை.

நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே உண்ணிக்கும் கொசுவுக்கும் ஓய்வுக் காலம் கிடையாது. உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை விடும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் சுமார் 4 வாரம் கொடுத்துத் தேற்றிவிடலாம். பாதியில் நிறுத்தக் கூடாது. கொசு வழி வரும் இதயப்புழு உள்ளே வளர்ந்து முற்ற 6 மாதம் போல எடுக்கும், அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. நாயை முதலில் பரிசோதித்துவிட்டுத்தான் மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எலி சிறுநீரால் பரவும் நோய்க்கு ஆண்டுக்கொரு தடுப்பூசி. வீட்டு முன் சாக்கடையில் தேங்கும் தண்ணீரை நக்க விடாதீர்கள்.

தேரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மழை விட்ட இரவில் தெருவிளக்கடியில் பூச்சி பிடிக்க அவை வந்து உட்கார்ந்திருக்கும். நாய் வாயில் கவ்வினால் அதன் தோலிலுள்ள நஞ்சு நுரை தள்ள வைக்கும், இதயத் துடிப்பையே குலைக்கும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடவிட்டு, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள். பிறகு உடனே மருத்துவமனை. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை அந்த நேரத்தில் தேடக் கூடாது, எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.

2022 ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பற்றியபோது புகை நாள்கணக்கில் ஊரைச் சூழ்ந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு மனிதர்கள் உள்ளே இருந்துவிடலாம், நாய் வெளியே போயாக வேண்டுமே. காற்று மாறும் நேரம் பார்த்துச் சில நிமிடம், திரும்பியதும் ஈரத் துணியால் கண்ணும் மூக்கும் பாதமும் துடைப்பது என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். கழிவறைப் பழக்கத்துக்குப் பின்கட்டில் ஒரு தட்டுப் புல்லைப் பழக்கி வைத்திருந்தால் இன்னும் நிம்மதி.

ஊரிலிருந்து நாயைக் கொண்டுவர நினைக்கிறவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். மலேசியாவுக்கு இறக்குமதி அனுமதி, மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, நலச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். சென்னையில் பள்ளிக்கரணை விலங்கு தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஏற்றுமதிச் சான்று. இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு இங்கே இறங்கியதும் குறைந்தது 7 நாள் தனிமை உண்டு. பிட்புல், அகிட்டா, டோசா போன்ற இனங்களுக்கு அனுமதியே இல்லை. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டுக்குத் தனி அனுமதி கேட்பார்கள். திரும்பிப் போகும்போதும் சிக்கல் உண்டு. வெளிநாட்டில் 2 ஆண்டு வாழ்ந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர் 2 செல்லப்பிராணி வரை பயணச் சுமையோடு கொண்டுபோகலாம் என்பதே இந்திய விதியின் அடிப்படை. மற்றவர்களுக்கு வழி கடினம். ஆகவே வேலை ஒப்பந்தம் குறுகியதாக இருந்தால், காப்பகத்திலிருந்து நாய் எடுக்கும் முன் பள்ளிக்கரணை அலுவலகத்துக்கு எழுதி அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை அச்செடுத்துத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.