வெள்ளைக்கொடி காட்டிய புலிகேசி

ஆறாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்தும்போது ஒரு விடையைப் பார்த்துச் சிரித்தேன்; சிரிப்பு உடனே அடங்கியது. இரண்டாம் புலிகேசியைப் பற்றிய வினாவுக்கு, "போர் என்றால் வெள்ளைக்கொடி காட்டிவிடுவார்" என்று மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். தவறு என்னுடையது. சாளுக்கியர் பாடத்துக்கு ஆர்வமூட்டலாக 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) படக் காட்சிகளைக் காட்டியவன் நான்தான்.

சிம்புதேவன் இயக்கி வடிவேலு இரு வேடங்களில் நடித்த அந்தப் படம், பழைய அரசர்களைவிட நம்மையே அதிகம் கேலி செய்கிறது. சாதிச் சண்டைக்கென மைதானம் திறப்பதும், குளிர்பான விளம்பரமும் வெள்ளையர் காலத் தொடக்கத்தில் ஏது என்று பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். காலப்பிழையைப் புரியவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெயர்? அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாதாபியில் ஆண்டு, நர்மதைக் கரையில் ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவரின் பெயர் அல்லவா அது! இன்னொரு குறையும் உண்டு. கோமாளி மன்னனின் இடத்துக்கு வரும் இரட்டைச் சகோதரனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் அரியணையில் அமர்ந்ததும் சிரிப்பு குறைந்து அறிவுரை கூடிவிடுகிறது.

மறுவாரம் ஒரே ஒரு காட்சியை மட்டும் மீண்டும் காட்டினேன். கட்டுடல் கொண்ட வேறொருவரின் உடலில் தன் தலையைப் பொருத்தி மன்னன் ஓவியம் வரையச் சொல்லும் காட்சி. பிறகு அய்கோல் கல்வெட்டுக்கு வந்தோம். கி.பி. 634இல் அதை இயற்றிய ரவிகீர்த்தி, புலிகேசியின் ஆதரவு பெற்ற புலவர். பல்லவ மன்னரைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தார் புலிகேசி என்கிறது அது. 642இல் நரசிம்மவர்மர் வாதாபியைக் கைப்பற்றியது அதில் இருக்க வழியில்லை. "இந்தக் கல்வெட்டில் மன்னரின் சொந்த உடல் எது, ஒட்டவைத்தது எது?" என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. புலிகேசியோடு போரிட்ட மகேந்திரவர்மரே 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவர் என்றபோது, "ராஜாவே காமெடி எழுதினாரா சார்?" என்று ஒரே ஆரவாரம்.

வெள்ளைக்கொடி விடை எழுதிய மாணவர் மட்டும் அமைதியாக இருந்தார். கடைசியில் எழுந்து, "இது அவங்க ஆளு எழுதினது. காஞ்சிக்காரங்க என்ன எழுதினாங்க சார்?" என்றார். நரசிம்மவர்மரின் வெற்றியைப் புகழும் கூரம் செப்பேட்டைப் பற்றி அடுத்த வகுப்பில் சொல்வதாக இருக்கிறேன்.